ரே ஆலன்: மூலையில் நின்று வீசியவர் (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2013 இறுதித் தொடரில், மயாமி அணிக்காக ரே ஆலன் போட்ட ஒரு பந்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நான் அப்போது சிறுவன். என்ன நடந்தது?

பதில்: ஜூன் 18, மயாமி. நான்கு ஆட்டம் வெல்கிற அணிக்கே கோப்பை. தொடரில் சான் அன்டோனியோ 3-2 என முன்னிலை. ஆறாவது ஆட்டத்திலும் 95-92 என அவர்களே முன்னால். கோப்பை வழங்கும் விழாவுக்காக ஆடுகளத்தைச் சுற்றிக் கயிறு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் வீசிய பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அதே அணியின் கிறிஸ் பாஷ் எம்பிப் பிடித்தார். அந்த நொடியில் ஆலனின் கால்களை மட்டும் பாருங்கள். வளையத்தருகே இருந்தவர் முதுகுப்புறமாகவே வலது மூலைக்கு நகர்கிறார், குனிந்து மூன்று புள்ளிக் கோட்டைப் பார்க்கவே இல்லை (அதற்கு வெளியே நின்று வீசி விழுந்தால் மூன்று புள்ளி). பந்து கைக்கு வந்தபோது இரு பாதங்களும் கோட்டுக்கு வெளியே. வீசினார், விழுந்தது. 95-95. மீதம் 5.2 நொடி. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என வென்றது. ஏழாவது ஆட்டமும் கோப்பையும் அவர்களுக்கே.

கேள்வி: நேரம் நன்றாக இருந்தது, பந்து விழுந்தது. இதில் திறமை எங்கே?

பதில்: இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வளையத்துக்கு முன்னால் தரையில் படுத்துக்கொள்வார். சட்டென்று எழுந்து பின்னோக்கியே மூலைக்கு ஓடி, வருகிற பந்தை வாங்கி வீசுவார். எத்தனையோ ஆண்டுகள் ஆளில்லாத அரங்கில் செய்த பயிற்சி இது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்து வீசத் தொடங்கிவிடுவார். ‘கடவுள் கொடுத்த வரம்’ என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தன் அன்றாட உழைப்பைச் சிறுமைப்படுத்தாதீர்கள் என்பார். அந்தக் கோபம் நியாயமானது.

கேள்வி: எந்தெந்த அணிகளுக்கு ஆடினார்?

பதில்: கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரை 1996-இல் புதிய வீரர்கள் தேர்வில் மின்னசோட்டா ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்து அன்றே மில்வாக்கிக்கு மாற்றிவிட்டது. 2003-இல் சியாட்டில், 2007-இல் பாஸ்டன், 2012-இல் மயாமி. பாஸ்டனில் 2008-இலும் மயாமியில் 2013-இலும் கோப்பை. இடையில் 2000 சிட்னி ஒலிம்பிக் தங்கமும் உண்டு.

கேள்வி: இவ்வளவு பயின்றவருக்குச் சறுக்கலே கிடையாதா?

பதில்: உண்டு, அதுவும் உலகமே பார்க்க. 2010 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக பாஸ்டனுக்காக எட்டு மூன்று-புள்ளி வீச்சுகளை விழவைத்தார். அன்று அது இறுதித் தொடர் சாதனை. அடுத்த ஆட்டத்தில் மூன்று புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்குமாக 13 முறை வீசினார், ஒன்றுகூட விழவில்லை. பாஸ்டன் அந்தத் தொடரையே இழந்தது. எனக்கு அவரை இன்னும் நெருக்கமாக்கியது அந்த 13 வீச்சுகள்தான். பன்னிரண்டு தவறிய பிறகும் பதின்மூன்றாவதை வீசுகிற நெஞ்சு எல்லாருக்கும் வாய்க்காது.

கேள்வி: அதிக மூன்று-புள்ளி வீச்சுகளை விழவைத்தவர் என்ற ஆலனின் சாதனையை ஸ்டீபன் கரி முந்திய பிறகு அதற்கு என்ன மதிப்பு?

பதில்: 2011 பிப்ரவரியில் முன்னாள் வீரர் ரெஜி மில்லரின் 2,560-ஐ ஆலன் கடந்தபோது, வர்ணனையாளராக அங்கே இருந்த மில்லர் கட்டித் தழுவினார். 2021 டிசம்பரில் நியூயார்க்கில் ஆலனின் 2,973-ஐ கரி கடந்தபோது ஆலன், மில்லர் இருவருமே அரங்கில் இருந்தார்கள். ஆலனுக்கு 1,300 ஆட்டங்கள்; கரிக்கு 789 போதுமானதாக இருந்தது. ஆனால் ஆலன் காலத்தில் இவ்வளவு தூரத்திலிருந்து இத்தனை முறை வீசப் பயிற்சியாளர்கள் விட்டதில்லை. அவர் சராசரியாக ஆட்டத்துக்கு ஆறு முறைகூட மூன்று புள்ளிக்கு வீசவில்லை, விழுந்தது நூற்றுக்கு நாற்பது. கரி மேலானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக ஆலனின் எண் சிறுத்துவிடாது.

கேள்வி: பள்ளி அணியில் ஆடுகிறேன் ஐயா. என் பந்து வளையம் வரை போவதே இல்லை. கையை எப்படிப் பலப்படுத்துவது?

பதில்: கையை விடு தம்பி, காலைப் பார். பந்து வந்த பிறகு முழங்காலை மடக்கினால் தாமதமாகிவிடும். மடக்கிய காலோடு பந்துக்காகக் காத்திரு; எழும்பும் விசையிலேயே பந்து போய்விடும். முதல் மாதம் கோட்டுக்கு உள்ளே நின்றே வீசு. அங்கே பத்துக்கு ஏழு விழத் தொடங்கியதும் ஓரடி பின்னால் போ.