வலிக்காகப் புராஸ்டேட்டைச் சுரண்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஆலங்குளத்தில் இருந்து லோடு லாரி ஓட்டுகிறேன். மூன்று வருஷமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, நீர்க்கடுப்பு, விந்து வரும்போது எரிச்சல். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். ஸ்கேனில் புராஸ்டேட் 28 கிராம், சுண்ணாம்புத் திட்டு, நாள்பட்ட அழற்சி என்று போட்டிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டால் நிரந்தரமாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வீட்டில் ஆசை. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஆபரேஷனுக்கான காரணம் ஒன்றுகூட இல்லை. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அது 28 கிராம் இருப்பது பயப்படுகிற அளவு அல்ல. சுண்ணாம்புத் திட்டு நாற்பதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும். பெரும்பாலும் தொந்தரவு தராது. வயிற்று ஸ்கேனை மட்டும் வைத்து அழற்சி என்று முடிவு கட்டவும் முடியாது, ரிப்போர்ட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

சுரண்டும் ஆபரேஷனில் (டி.யூ.ஆர்.பி.) சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியை விட்டு, குழாயைச் சுற்றியுள்ள உள்சதையைத் துண்டு துண்டாகச் செதுக்கி எடுப்பார்கள். கிருமி பதுங்குவதோ பெரும்பாலும் வெளிப்பகுதியின் நுண்குழல்களில். அந்தப் பகுதி அப்படியே இருக்கும். அதனால் சிறுநீர் வேகமாகப் போகும், வலி போகாது. கூடவே, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். பிள்ளை வேண்டும் என்கிற உங்களுக்கு இதை யாராவது சொன்னார்களா? லேசரில் செய்தாலும் இதே கதைதான்.

முதலில் கிருமி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நாள்பட்ட புராஸ்டேட் வலியில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமியே இருப்பதில்லை. ஆன்டிபயாடிக் நிறுத்திச் சில நாள் கழித்து இரண்டு டப்பா சோதனை செய்யுங்கள். கொஞ்சம் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை முதல் டப்பாவில் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்தித் தேய்ப்பார். உடனே வருகிற முதல் 10 மில்லியை இரண்டாவது டப்பாவில் பிடித்து, இரண்டையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தர வேண்டும். இரண்டாவதில் கிருமி பத்து மடங்கு இருந்தால் அது புராஸ்டேட்டில்தான் இருக்கிறது. ஆலங்குளத்தில் பிடித்து பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் வெயிலில் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடும். லேப் இருக்கிற இடத்திலேயே கொடுங்கள். சிறுநீரில் சீழ் அணு இருந்து, கல்ச்சரில் திரும்பத் திரும்ப ஒன்றும் வளரவில்லை என்றால் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிருமி உறுதியானால், கல்ச்சர் காட்டும் மருந்தை 4 முதல் 6 வாரம் விடாமல் எடுக்க வேண்டும். மெடிக்கலில் ஐந்து நாளைக்கு வாங்கிப் போட்டு நிறுத்துவதால்தான் மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சுகிறது. கிருமி இல்லை என்றால் வலி பெரும்பாலும் இடுப்புத் தளத் தசை இறுகியதால் வருவது. லாரி சீட்டும் சிறுநீரை அடக்குவதும் அதை இன்னும் கிளறும். அதற்குத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, டாம்சுலோசின் 0.4 மி.கி. போன்ற மாத்திரை, வெந்நீரில் 15 நிமிடம் உட்காருவது. யூடியூப் பார்த்துத் தசையை இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடத்தான் செய்யும்.

அடுத்தது யூரோஃப்ளோ, அதாவது சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் சோதனை. குறைந்தது 150 மில்லி போனால்தான் கணக்கு. உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு. 10-க்குக் கீழே என்றால் சந்தேகப்படலாம். ஆனால் சிறுநீர்ப்பை பலவீனமானாலும் வேகம் குறையும். அதனால் கத்தி எடுக்கும் முன் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனையும் வேண்டும்.

அடைப்பு நிஜமாகவே இருந்தால் எங்கே என்பதைப் பொறுத்து ஆபரேஷன் மாறும். சிறுநீர்ப்பைக் கழுத்து இறுகியிருந்தால், சுரண்டாமல் அங்கே ஒன்றிரண்டு கீறல் போட்டாலே போதும். விந்து பின்னால் போகும் அபாயமும் சுரண்டுவதைவிடக் குறைவு. குழாய் சுருங்கியிருந்தால் அதை விரிக்கவோ சீரமைக்கவோ வேண்டும். விந்து அளவும் குறைந்து, எரிச்சலும் இருந்தால் விந்துக் குழல் வாய் அடைத்திருக்கலாம். ஆசனவாய் வழி ஸ்கேனில் தெரியும், அதைத் திறந்துவிடலாம். சுண்ணாம்புத் திட்டுகளில் கிருமி ஒட்டி, முழு மருந்துக்குப் பிறகும் அதே கிருமி திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் ஆழமாகச் சுரண்டுவதைப் பற்றிப் பேசலாம். அதிலும் பலன் நிச்சயமில்லை. வலிக்காகப் புராஸ்டேட்டையே முழுதாக எடுப்பது வேண்டவே வேண்டாம். சிறுநீர் ஒழுகலும் ஆண்மைக் குறைவும் மிஞ்சலாம்.

ஒருவேளை சுரண்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், முன்னதாக விந்தை உறைய வைத்துச் சேமியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் டியூப் இரண்டு மூன்று நாள் இருக்கும். பொருக்கு உதிரும் சமயம், இரண்டாவது வாரவாக்கில், சிறுநீரில் ரத்தம் தலைகாட்டலாம். லாரியும் பாரமும் ஒரு மாதத்துக்கு ஆகாது.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சை) பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்து, சிறுநீரும் நின்றுவிட்டால் அது புராஸ்டேட்டில் சீழ் கட்டியதாக இருக்கலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குறிப்பாக. அன்றைக்கு ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் ஹைகிரவுண்டில் இருக்கும் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் புராஸ்டேட்டைத் தேய்க்கக் கூடாது. ரத்தத்தில் கிருமி கலந்துவிடும்.