பீரோல ஹார்ட் டிஸ்க் கீது, அப்புறம் கிளவுட் இன்னாத்துக்கு? போட்டோ பேக்கப் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மாவட்டம் மூணா பிரிஞ்சாலும் கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் வந்திருக்கு, அதனால ஒண்ணா இருக்கறத சேத்துட்டேன். நான் சத்துவாச்சாரில கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன், எந்த கம்பெனிக்கும் ஏஜென்ட் கெடையாது, மனசுல பட்டத நேரா சொல்றேன். கிளவுட்டுன்னா நம்ம ஃபைலை நெட் வழியா வேற கம்பெனியோட கம்ப்யூட்டர்ல வெக்கறது, பேக்கப்புன்னா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கற மாதிரி தனியா வெக்கற காப்பி.

குடியாத்தம், ஒரு அக்கா: போன்ல இடம் இல்லன்னு காட்டுச்சு. போட்டோ எல்லாம் கிளவுட்ல ஏறிடுச்சேன்னு கூகுள் போட்டோஸ் ஆப்ல போயி சிரசு திருவிழா போட்டோவ மொத்தமா அழிச்சேன். இப்ப கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் காணோம், இன்னா ஆச்சு?

அக்கா, பதிலை அப்புறமா படிங்க, மொதல்ல அந்த ஆப்ல ட்ராஷ்னு இருக்கும் அதுக்குள்ள போங்க. பேக்கப் ஆன போட்டோ 60 நாள் அங்க கெடக்கும், ரீஸ்டோர் குடுத்தா திரும்பிடும், 60 நாள் தாண்டிட்டா நானும் ஒண்ணும் பண்ண முடியாது.

நடந்தது இதுதான். அந்த ஆப்ல நீங்க பாக்கறது போன்ல இருக்கற போட்டோவும் கிளவுட்ல இருக்கறதும் சேந்த ஒரே லிஸ்ட், அதுல அழிச்சா ரெண்டு பக்கமும் போயிடும். இதுக்கு பேரு சிங்க். கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் இன்னா நடக்குதோ அதேதான் அந்தப் பக்கமும். இடம் காலி பண்ணணும்னா ப்ரொஃபைல் படத்தை தட்டினா ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு வரும், அது போன்ல இருக்கற காப்பிய மட்டும் எடுக்கும். அதே எடத்துல பேக்கப் கம்ப்ளீட்னு காட்டுதான்னு பாத்துட்டு செய்ங்க, பாதில நின்னு கெடந்தா வைஃபைல போட்டு முடிய விடுங்க. ஆனா ஒண்ணு, ஃப்ரீ அப் பண்ணிட்டா அப்புறம் உங்ககிட்ட இருக்கறது ஒரே காப்பி, அதுவும் கூகுள்கிட்ட. அத பேக்கப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆம்பூர், ஒரு பாய்: கூகுள் போட்டோஸ் ஃப்ரீதானே, எதுக்கு துட்டு கேக்குது?

ஃப்ரீயா இருந்துச்சு பாய். 2021 ஜூன் 1ல இருந்து நீங்க ஏத்தறது எல்லாம் 15 ஜிபி கணக்குல சேருது, அந்த 15 ஜிபியும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்து. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப அதுலதான் விழுது, பாதி பேருக்கு ரொம்பறது போட்டோவால இல்ல, குரூப்ல வர்ற குட் மார்னிங் வீடியோவாலதான். அத மொதல்ல கழிங்க. பேக்கப் செட்டிங்ல ஸ்டோரேஜ் சேவர் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும், 16 மெகாபிக்சலுக்கு மேல இருந்தா சுருக்கிடும், வீட்டு போட்டோவுக்கு அது போதும். தொழிலுக்கு வேணாம்.

ஆற்காடு, ஸ்டுடியோ வெச்சிருக்கறவர்: கல்யாண ஆல்பம் ரா ஃபைலோட, அதாவது கேமரா அப்படியே பதியற ஒரிஜினலோட சேத்து 4 டிபி, சுமாரா 4000 ஜிபி இருக்கு. டிஸ்க் மேல டேப் ஒட்டி மாப்ள பேரு பொண்ணு பேரு எழுதி பீரோல அடுக்கி வெச்சிருக்கேன். இதெல்லாம் நெட்ல ஏத்த முடியுமா?

முடியும் சார், ஆனா கணக்கு போட்டுட்டு எறங்குங்க. 24 மெகாபிக்சல் கேமரால ஒரு ரா ஃபைல் சுமாரா 25ல இருந்து 30 எம்பி வரும், ஒரு கல்யாணத்துல 3000 ஷாட் அடிச்சா 80, 90 ஜிபி ஆயிடுது. அப்லோட் ஸ்பீடு, அதாவது நெட்ல ஏத்தற வேகம், 50 எம்பிபிஎஸ் நெசமாவே கெடைச்சா அந்த 90 ஜிபி ஏற 4 மணி நேரம். மொத்த 4 டிபியும் ஏத்தணும்னா ராத்திரி பகல் நிக்காம ஒரு வாரத்துக்கு மேல, நம்ம ஊர்ல கரண்ட் கட்டு வேற இருக்கு. ஸ்பீடு டெஸ்ட் பண்ணச்சொல்ல டவுன்லோட் நம்பரை பாத்து ஏமாறாதீங்க, அப்லோட் தனியா காட்டும், சில பிளான்ல அது ரொம்ப கம்மியா இருக்கும்.

உங்களுக்கு கூகுள் டிரைவ் மாதிரி வேணாம், பேக்பிளேஸ் மாதிரி பேக்கப்புக்குன்னே இருக்கற சர்வீஸ் பாருங்க. ஒரு கம்ப்யூட்டரு, அதுல மாட்டின எக்ஸ்டர்னல் டிஸ்க்கு, எவ்ளோ இருந்தாலும் ஒரே சந்தா. நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல தனியா மாட்டற டிஸ்க் பெட்டி) வெச்சிருந்தா அந்த பிளான்ல சேராது. இதுல ஒரு வில்லங்கம் கீது, பல பேரு கவனிக்கறதில்ல: டிஸ்க்கை கழட்டி பீரோல வெச்சிட்டு மாட்டவே இல்லன்னா, அந்த ஃபைல் எல்லாம் நீங்க அழிச்சதா அது எடுத்துக்கும், வெர்ஷன் ஹிஸ்டரி காலம் (அழிச்ச, மாத்தின ஃபைலோட பழைய காப்பிய வெச்சிருக்கற நாள் கணக்கு) முடிஞ்சதும் அங்க இருக்கற காப்பியையும் தூக்கிடும். பழைய கல்யாணத்தை ஏத்திட்டோம்னு மறந்துட்டு இருந்தா போச்சு. அதனால மாசம் ஒருவாட்டி டிஸ்க்கை ஒண்ணொண்ணா மாட்டி ஸ்கேன் முடியற வரைக்கும் விடுங்க.

என்னைக் கேட்டா எல்லா ராவும் ஏத்தாதீங்க. கஸ்டமருக்கு குடுத்த ஃபைனல் ஜேபெக், ஆல்பத்துக்கு செலக்ட் ஆன ரா, அது மட்டும் மொதல்ல போகட்டும். கண்ணு மூடின ஷாட்டுக்கெல்லாம் இன்னாத்துக்கு வாடகை?

ராணிப்பேட்டை: ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி வெச்சிருக்கேன். அது போதாதா?

ரெண்டும் ஒரே வீட்லதானே இருக்கு? 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தது உங்களுக்கு நான் சொல்லணுமா, வீட்டுக்குள்ள தண்ணி பூந்தா ரெண்டு டிஸ்க்கும் சேந்துதான் முங்கும். திருடனும் லேப்டாப்பை எடுக்கறப்ப பக்கத்துல இருக்கற டிஸ்க்கை விட்டுட்டு போக மாட்டான். பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு இருக்கு: மூணு காப்பி, ரெண்டு வகையான மீடியா (டிஸ்க்கு, கிளவுட்டு மாதிரி), ஒண்ணு வேற எடத்துல. துட்டு செலவு பண்ண மனசு இல்லன்னா ஒரு டிஸ்க்கை திருவண்ணாமலைல இருக்கற தங்கச்சி வீட்ல குடுத்து வைங்க, அதுவும் வேற எடம்தான், ஊருக்கு போறச்சொல்ல மாத்திக்கலாம்.

அதுக்காக கிளவுட்டே போதும்னு டிஸ்க்கை வித்துடாதீங்க. 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல ஓவிஹெச்னு ஒரு கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்புடிச்சு எரிஞ்சுது, வேற எடத்துல காப்பி வெக்காத பல பேருக்கு டேட்டா போயே போச்சு.

காட்பாடி, காலேஜ் தம்பி: ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வெச்சா பேக்கப் ஆகாதா?

ஆகாது தம்பி. அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டா அனுப்பினா ஒரிஜினல் போகும், ஆனா உன் போன்ல சாட்டை கிளியர் பண்ணிட்டா எங்க தேடுவ?

வாணியம்பாடி: எங்க மாமனார் தவறிட்டாரு. அவரு போன்ல பேரன் பேத்தி போட்டோ நெறைய, பின் நம்பர் யாருக்கும் தெரியல. கூகுள் அக்கவுண்ட்ல இருக்குமா?

பேக்கப் ஆன்ல இருந்திருந்தா இருக்கும். கூகுள்ல எறந்தவங்க அக்கவுண்ட்டுக்குன்னு தனியா ஒரு விண்ணப்பம் இருக்கு, இறப்பு சான்றிதழ் கேப்பாங்க, குடுப்பாங்களா இல்லையான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவரு சிம்மை மட்டும் தயவுசெஞ்சு ரீசார்ஜ் பண்ணிட்டே இருங்க, விட்டா அந்த நம்பர் வேற ஆளுக்கு போயிடும், ஓடிபி வர்ற வழியும் அடைஞ்சிடும். ரெண்டு வருஷம் யாரும் உள்ள நுழையாத அக்கவுண்ட்டை அழிக்கலாம்னு கூகுள்ல விதியே இருக்கு, 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறைல இருக்கு, அதனால தள்ளிப்போடாதீங்க.

உயிரோட இருக்கற நம்ம எல்லாரும் இன்னிக்கே பண்ண வேண்டியது, கூகுள் செட்டிங்ஸ்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். இத்தனை மாசம் நான் வரலன்னா இன்னாருக்கு சொல்லு, போட்டோவ குடுன்னு முன்னாடியே எழுதி வெக்கலாம். ஐபோன்ல இதே வேலைக்கு லெகசி கான்டாக்ட்னு இருக்கு. பேங்க்ல நாமினி போடறோம், இதுக்கு போட மாட்டேங்கறோம்.

சத்துவாச்சாரி, ஜெராக்ஸ் கடை: வைரஸ் வந்து ஃபைல் எல்லாம் லாக் ஆயிடுச்சுன்னா கிளவுட்ல இருக்கறது தப்பிக்குமா?

சிங்க் ஃபோல்டரா இருந்தா லாக் ஆன ஃபைலும் ஒழுங்கா மேல ஏறிடும், அது பாட்டுக்கு வேலைய பாக்கும். ஓல்டு வெர்ஷன் இருந்தாதான் தப்பிக்கலாம், டிராப்பாக்ஸ்னு ஒரு கிளவுட் சர்வீஸ் இருக்கு, அதோட சாதா பிளான்ல 30 நாள் பின்னாடி போகலாம். அடிபட்ட உடனே நெட்டை புடுங்கிட்டு ஆளை கூப்பிடுங்க, தானா எதையாச்சும் தட்டாதீங்க.

வாலாஜா: எல்லாம் செட் பண்ணிட்டேன்ணா, பச்சை டிக்கும் காட்டுது. வேற ஏதாச்சும் பண்ணணுமா?

அந்த டிக்கை நம்பாதீங்க, திரும்பி எடுத்து பாருங்க. பழைய ஃபோல்டர் ஒண்ணை வேற கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி, எத்தினி ஃபைலு, ஒவ்வொண்ணும் எவ்ளோ சைஸுன்னு ஒரிஜினலோட ஒத்து பாருங்க. நாலு படத்தை பெருசாக்கி பாருங்க, வீடியோவ கடைசி வரைக்கும் ஓட்டுங்க. கிளவுட்டுக்குள்ள நுழையற பாஸ்வேர்டு அந்த லேப்டாப்ல மட்டும் சேவ் ஆகி இருந்தா, லேப்டாப் போனா எப்படி நுழைவீங்க? டூ ஸ்டெப்ல, அதாவது பாஸ்வேர்டோட ஓடிபியும் கேக்கற செட்டிங்ல, பேக்கப் கோடு குடுப்பாங்க, பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டோட வைங்க.

ஆரணி, ரிட்டயர்டு டீச்சர்: பழைய பிரிண்ட் போட்டோவை எப்படி ஸ்கேன் பண்றது?

4க்கு 6 இன்ச் சைஸா இருந்தா 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) வைங்க டீச்சர், 3600க்கு 2400 பிக்சல் வரும், தாராளமா போதும். போட்டோக்கு பின்னாடி பேனால எழுதி இருந்தா அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிடுங்க. எந்த ஸ்கேனர் வாங்கறதுன்னு நெறைய பேரு கேட்டிருக்கீங்க, பட்ஜெட் எவ்ளோன்னு சொல்லுங்க, அடுத்த வாட்டி சேத்து சொல்றேன்.