கடைசியாக வருபவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி: என் 11 வயது மகள் விடுமுறையில் 'பாப்பாஸ் ஃப்ரீசெரியா' விளையாடுகிறாள். ஐஸ்கிரீம் கலந்து விற்கும் கடை அது. மற்ற வாடிக்கையாளர்களைச் சமாளித்துவிடுகிறாள். நாளின் முடிவில் வருகிறவர்களிடம், அதிலும் ஜோஜோ என்பவரிடம், மதிப்பெண் சரிந்து அழுதுவிடுகிறாள். இப்போது இதே தொடரின் 'பேன்கேக்கெரியா'வையும் கேட்கிறாள். அதிலும் இதே ஆட்கள்தான் வருகிறார்களாம். வரிசைப்படி விளையாடினால்தான் புரியுமா? இந்த ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: வரிசை தேவையில்லை. ஒவ்வொரு கடையும் தனிக்கதை. ஆனால் ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் பெரிய பயன் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் வேகத்தை மட்டும் கூட்டப் பார்க்கும் பிள்ளைகள்தான் உங்கள் மகளைப்போல் நாள் முடிவில் தடுமாறுகிறார்கள்.

இந்தத் தொடரை உருவாக்குவது அமெரிக்காவின் ஃபிலிப்லைன் ஸ்டுடியோஸ். 2006-இல் வந்த முதல் விளையாட்டில் சமையலே இல்லை. பாப்பா லூயி என்ற பீட்சா கடைக்காரர், படையெடுத்து வந்த பீட்சா அரக்கர்களிடமிருந்து தன் வாடிக்கையாளர்களை மீட்கப் போகிறார். 2007-இல் 'பாப்பாஸ் பீட்செரியா' வந்தபோதுதான் கடை நடத்தும் வேலை தொடங்கியது. முதலாளி வெளியே போய்விட, ராய் என்ற இளைஞன் தனியாளாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பின்னால் வந்த கடைகளிலும் இந்த ஏற்பாடுதான் தொடர்கிறது: பாப்பா லூயி கிளம்பிவிடுவார், புதிதாக வந்தவர் தலையில் பொறுப்பு விழும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்குப் பிறகு நடப்பது. ஒரு பாகத்தில் வரிசையில் நின்று சாப்பிட வந்தவர் இன்னொரு பாகத்தில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். ஃப்ரீசெரியாவில் கடையை நடத்தத் தேர்ந்தெடுக்கக்கூடிய பென்னி, பீட்செரியாவில் வாடிக்கையாளராக வந்தவள். பேன்கேக்கெரியாவை நடத்தும் கூப்பரும் புரூடன்ஸும் அதற்கு முந்தைய கடைகளில் சாப்பிட வந்தவர்கள்தான். 'ஹாட் டாகெரியா'வின் டெய்லரும் அப்படியே. எதிர்த்திசையிலும் இது நடக்கும். வேலை பார்த்து முடித்த ராய், அடுத்தடுத்த கடைகளுக்கு வாடிக்கையாளராக வந்து உட்காருகிறான். பாப்பா லூயியே பெரும்பாலும் கடைசி வாடிக்கையாளராகத் திறக்கப்படுவார். தன் கடைக்குத் தானே சாப்பிட வருவார். உங்கள் மகள் பேன்கேக்கெரியாவுக்குப் போனால் பாதிப்பேர் ஏற்கெனவே தெரிந்த முகங்களாக இருப்பார்கள். புதுக்கடை என்ற பயம் அங்கேயே குறைந்துவிடும்.

இப்போது அழவைக்கும் ஆட்களுக்கு வருவோம். கடைக் கதவில் 'மூடப்பட்டது' பலகை திரும்பிய பிறகு ஒருவர் உள்ளே வருவார். இவர்களை விளையாட்டில் 'குளோசர்' என்கிறார்கள். கிழமைக்கு ஒருவராக ஏழு பேர். பாகத்துக்குப் பாகம் ஆட்கள் மாறலாம், ஆனால் சோலோ, குவின் போன்றவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். இவர்கள் எளிதில் திருப்தியடையாதவர்கள். ஜோஜோ உணவு விமர்சகர். பர்கர் கடையில் பர்கர் விமர்சகராக அறிமுகமானவர், பிறகு எந்தக் கடை திறந்தாலும் அந்த உணவுக்கு விமர்சகராகிவிடுகிறார். அவரை மகிழ்வித்தால் நீல ரிப்பன் கிடைக்கும். அதைப் பெற்றபின் சில நாட்களுக்கு டிப்ஸ் கூடுதலாக வரும். அதனால் விளையாட்டில் ஜோஜோ வரும் கிழமையைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அன்று மற்றவர்களிடம் இரண்டு புள்ளி போனாலும் பரவாயில்லை.

குளோசருக்குப் பின்னால் வரிசை இல்லை என்பதை மகள் கவனித்திருக்கிறாளா என்று கேளுங்கள். அதாவது, அவசரப்படக் காரணமே கிடையாது. பிள்ளைகள் நாள் முழுவதும் ஓடிய வேகத்திலேயே கடைசிக் கோப்பையையும் முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது இதுதான்: அவர் வந்தவுடன் ஆர்டரை வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் காத்திருப்புக்கும் மதிப்பெண் உண்டு. பிறகு திரையில் தொங்கும் பழைய ஆர்டர் சீட்டுகளை முடித்து அனுப்ப வேண்டும். அதன்பின் அவருடைய சீட்டு மட்டும் எதிரே இருக்கும்.

அந்தச் சீட்டில் எல்லாம் படமாகவே இருக்கும், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வாசிக்கலாம். கோப்பையின் அளவு, உள்ளே கலக்கும் பொருள், சிரப், எவ்வளவு மைய அரைக்க வேண்டும், மேலே என்ன என்பது வரை வரும். பெரும்பாலும் மதிப்பெண் போவது கலக்கும் இடத்தில். கலக்கும் எந்திரத்தின் முள் சரியான குறியைத் தொடும்போது எடுக்காமல், வேறொரு கோப்பையில் கவனம் போனதால் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு கோப்பைக்காவது எந்திரத்தின் முன்னாலேயே நிற்கச் சொல்லுங்கள். சம்பாதித்த டிப்ஸில் முதலில் எந்திர அலாரத்தை வாங்குவது நல்லது. நாற்காலி, அலங்காரமெல்லாம் பிறகு வாங்கலாம். மேலே தூவுவது ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். செர்ரி முதலியவற்றைச் சீட்டில் காட்டிய வரிசையிலேயே வைக்க வேண்டும்.

ஒரு சிறிய நோட்டு வாங்கிக் கொடுங்கள். இந்தத் தொடரின் பழைய கடைகளில், பொருட்கள் எல்லாம் திறந்த பிறகு ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஒரு பக்கத்தில் முகத்தை வரைந்து பக்கத்தில் ஆர்டரை எழுதிவைத்தால், அவர் கதவைத் திறக்கும்போதே என்ன கேட்பார் என்று தெரிந்துவிடும். ஏழு குளோசர்களோடு தொடங்கினால் போதும். 2013-இல் வந்த 'கப்கேக்கெரியா' முதல் பண்டிகைக் காலங்கள் சேர்ந்ததால் ஆர்டர்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். அந்தப் பாகங்களுக்கு நோட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும். பர்கர் கடைக்குப் போனால் சீட்டைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும் என்பதையும் நோட்டின் அட்டையில் எழுதிவைக்கட்டும். முதல் நாள் எல்லோரும் தவறுவது அதில்தான்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விளையாட்டுகள் முதலில் பிரவுசரில் ஃபிளாஷ் என்ற மென்பொருள் மூலம் ஓடியவை. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்று தேடினால் கிடைக்கும் இலவசத் தளங்களில் பல, விளம்பரத்துக்காகப் பிறர் நடத்துபவை. பிள்ளையை அங்கே விட வேண்டாம். கைப்பேசிக்கு அதே நிறுவனம் 'டு கோ' என்ற பெயரில் தனிப்பதிப்புகள் தருகிறது. கணினிக்கு 2023-இல் 'ஃப்ரீசெரியா டீலக்ஸ்', கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்தது. உங்கள் மகளுக்கு ஐஸ்கிரீம் கடைதான் பிடித்திருக்கிறது என்றால் அதையே வாங்கலாம். பேன்கேக்கெரியாவை, முதல் நீல ரிப்பன் கைக்கு வந்த வாரத்தில் வாங்கிக் கொடுங்கள்.