இஃப் வரிகளும் ஸ்ட்ரிங்குகளும்: பைத்தான் தொடக்கப் பயிற்சிகள், கேள்வி பதில்

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியவர்கள் பயிற்சிகளில் மாட்டிக்கொண்ட இடங்களைக் கேட்டிருக்கிறார்கள். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். நிரலில் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, மதிப்பெண்ணுக்கு வகுப்பு சொல்லும் பயிற்சி. 35 முதல் தேர்ச்சி, 60 வந்தால் முதல் வகுப்பு, 90 முதல் சிறப்பு என்று இஃப் (இப்படி என்றால்), எலிஃப் (இல்லை, அப்படி என்றால்) போட்டு வரிசையாகத்தான் எழுதினேன். 95 கொடுத்தாலும் "தேர்ச்சி" என்றே வருகிறது.

அந்த வரிசைதான் காரணம், தம்பி. இஃப்–எலிஃப் தொடரை பைத்தான் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். எது முதலில் உண்மையாகிறதோ, அதைச் செய்துவிட்டு வெளியே போய்விடும். 95 என்பது 35க்கும் மேல்தானே? அங்கேயே வேலை முடிந்துவிட்டது. 90ஐ மேலே ஏற்றுங்கள், அடுத்து 60, கடைசியில் 35. 3ஆல் வகுபட்டால் ஃபிஸ், 5ஆல் வகுபட்டால் பஸ், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ் என்று சொல்லும் ஃபிஸ்பஸ் பயிற்சியிலும் இதே கதைதான். 15ஆல் வகுபடுகிறதா என்பதை 3, 5 இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டும்.

கேள்வி: இரண்டு எண்களை வாங்கி எது பெரியது என்று கேட்டேன். 9, 10 கொடுத்தால் 9 பெரியது என்கிறது!

இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துத் தொடராகத்தான் தரும். ஸ்ட்ரிங்குகளை அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். "9"ஐயும் "10"இன் முதல் எழுத்தான "1"ஐயும் பார்த்த உடனே முடிவு சொல்லிவிட்டது. இன்புட்டைச் சுற்றி, முழு எண்ணாக மாற்றும் இன்ட் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: இஃப் பதில் == "ஆம்" ஆர் "சரி" என்று எழுதினேன். "இல்லை" என்று தட்டினாலும் உள்ளே போகிறது. ஏன் சார்?

வாயால் சொல்லும்போது "பதில் ஆம் அல்லது சரி என்றால்" என்பது நமக்குப் புரிகிறது. பைத்தானோ ஆர் என்பதன் இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இடப்பக்கம் பதில் == "ஆம்". வலப்பக்கம் வெறும் "சரி". காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு உண்மைதான். அதனால் இந்த நிபந்தனை ஒருநாளும் பொய்யாகாது. இஃப் பதில் இன் ("ஆம்", "சரி") என்று எழுதுங்கள்.

எர்ரரே வராமல் தப்பான விடை தரும் பிழை இது. இதில் பல மணி நேரம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மின் கட்டணப் பயிற்சி: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 5 ரூபாய். 250 யூனிட்டுக்கு எனக்கு 1250 வருகிறது, விடை 450 என்று இருக்கிறது.

நீங்கள் 250ஐ அப்படியே 5ஆல் பெருக்கிவிட்டீர்கள். 5 ரூபாய் கடைசி 50 யூனிட்டுக்கு மட்டும்தான். 0 + 200 + 250 = 450. எழுதியபின் 100, 101, 200, 201 ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். 0, 2, 200, 205 வர வேண்டும். பிழை பெரும்பாலும் இப்படி எல்லைக் கோட்டில்தான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஒரு சொல் மாலைமாற்றா, அதாவது திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா என்று பார்க்கும் பயிற்சி. ஆங்கிலச் சொல்லுக்குச் சரியாக வருகிறது. "விகடகவி" கொடுத்தால் இல்லை என்கிறது. பைத்தானுக்குத் தமிழ் வராதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பைத்தானுக்குத் தமிழ் வரும், ஆனால் அது எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோட்டின் குறிகளை. "வி" நமக்கு ஓர் எழுத்து, யூனிகோட்டில் வ, அப்புறம் இகரக் குறி என்று இரண்டு. "விகடகவி"யின் நீளம் நமக்கு 5, லென் சொல்வது 7. "தமிழ்" நமக்கு 3, அதற்கு 5, புள்ளியும் தனிக்குறி என்பதால். திருப்பிப் போட்டால் இகரக் குறி முதலில் வந்து நிற்கிறது, பிறகு எப்படிப் பொருந்தும்?

தீர்வையே ஒரு பயிற்சியாகச் செய்யுங்கள். காலியான ஒரு லிஸ்ட் (வரிசைப் பட்டியல்) வைத்துக்கொண்டு சொல்லின் ஒவ்வொரு குறியாக வாருங்கள். வந்தது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் லிஸ்டில் கடைசியாக இருப்பதோடு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாகச் சேருங்கள். எது ஒட்டும் குறி என்பதை பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் (துணை நிரலின்) கேட்டகரி சொல்லும்: விடை 'எம்' எழுத்தில் தொடங்கினால் ஒட்டும் குறி. இப்போது வி, க, ட, க, வி என்று ஐந்து கிடைக்கும். லிஸ்டைத் திருப்பி ஒப்பிடுங்கள். ஆனால் க்ஷ என்பது க், ஷ என்று பிரிந்துபோகும், அதற்கு இன்னொரு இஃப் வேண்டும்.

இதே காரணத்தால் "தமிழ்" என்ற சொல்லுக்கு, எல்லாம் எழுத்துகள்தானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா பொய் என்று சொல்லும். தமிழ்ப் பெயர்களைச் சோதிக்க அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: அதே மாலைமாற்றுப் பயிற்சியில் "தேரு வருதே" என்பதில் இடைவெளியை நீக்க ரீப்ளேஸ் போட்டேன். இடைவெளி அப்படியே இருக்கிறது.

ஸ்ட்ரிங்கை இருந்த இடத்தில் மாற்ற முடியாது. ரீப்ளேஸ் புதிய ஸ்ட்ரிங் ஒன்றைத் தருகிறது, அதை யாராவது வாங்கி வைக்க வேண்டும். சொல் = சொல்.ரீப்ளேஸ்(" ", "") என்று எழுதிவிட்டு, மேலே சொன்ன லிஸ்ட் முறைக்குக் கொடுங்கள். தே, ரு, வ, ரு, தே. இந்த முறை "ஆம்" என்று வரும்.