கல்வெட்டு படிக்க வயது ஒரு தடையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். வயது 61. காலையில் பேப்பர் படித்து முடித்தால் ஒன்பது மணி. அப்புறம் ராத்திரி வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. படிப்பு பத்தாவதுதான். இனிமேல் மண்டையில் ஏறுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாக ஏறும். நானும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவள்தான். தொல்லியல் பட்டமெல்லாம் கிடையாது. கல்வெட்டில் நிலத்துக்கு எல்லை சொல்லும் இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும்' என்று போகிறது. நாங்கள் காலமெல்லாம் பத்திரத்தில் சரிபார்த்த செக்குபந்தியேதான், அதாவது நிலத்தின் நான்கெல்லை விவரம்.

உங்களுக்கு விளக்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் பொருத்தம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர் ஆயிற்றே! ராஜராஜன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு விளக்கு எரியக் கொடுக்கும் கொடைக்குக் கணக்கு இருக்கிறது: 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விடுவார்கள். அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையாது என்று கணக்கு. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். மீட்டர் இல்லாத காலத்து யூனிட் கணக்கு உங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

எழுத்துக்கு வருவோம். புள்ளி பெரும்பாலும் இருக்காது; 'விளக்கு' என்பது 'விளககு' என்று நிற்கும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். இடையிடையே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். தொடக்கத்தில் உள்ள 'ஸ்வஸ்திஸ்ரீ'யை முதலில் பழகிக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி பெரும்பாலும் பெரிய கோயில்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு விளக்குக் கொடையை வீட்டில் படித்துவிட்டு, அதே வரிகளைச் சுவரில் தேடுங்கள். எடுத்த எடுப்பில் அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் இறங்கினால் தலை சுற்றும்.

உச்சி வெயிலில் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலான இடமென்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ், மாவு எதையும் பூசிப் பார்க்க வேண்டாம். கல் பாழாகும், காவலரிடம் திட்டும் விழும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றவர். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003-இல் வெளிவந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த அளவுக்கு வேண்டாம். நீங்கள் ஒரு விளக்கைப் படியுங்கள்.

கேள்வி: தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வயது 68. முட்டிவலி, வெளியே அலைய முடியாது. கண்புரை அறுவை முடிந்து இப்போது பார்வை தெளிவு. பேரன் லேப்டாப் பழக்கிவிட்டான். உட்கார்ந்த இடத்தில் உருப்படியாக ஏதாவது செய்யலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இணையத்தில் உள்ள இலவச நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்குப் போங்கள் டீச்சர். நாட்டுடைமையான நூல்கள் ஏராளமாக அங்கே திருத்தக் காத்திருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம், மறுபக்கம் கணினி படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைய வேண்டும். சிவப்பில் இருக்கும் பக்கம் நீங்கள் திருத்தியதும் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்ணுக்குச் சிரமமில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் துதிக்கையோடு இருக்குமே, அங்கே கணினி தடுமாறும். நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

ஒரே கஷ்டம், அச்சில் உள்ளபடியேதான் விட வேண்டும். நூலாசிரியர் ஒற்றெழுத்தை விட்டிருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். காலமெல்லாம் நோட்டு திருத்திய கைக்கு இது கொஞ்சம் கொடுமைதான்.

கேள்வி: கல்வெட்டு கற்றால் சான்றிதழ் தருவார்களா, வருமானம் வருமா என்று என் மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வருமானம் வராது, பஸ் செலவுதான் ஆகும். சான்றிதழ், சில பயிற்சிகளில் தருகிறார்கள். அதை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்கிற வயதா நமக்கு? கிடைத்தால் மகனுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.