பல் சுத்தம் செய்தால் பற்கள் ஆடிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கு போடுவார். ஓராண்டாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, வாய் நாற்றமும் இருக்கிறது, கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வலி மட்டும் இல்லை. பல் மருத்துவரிடம் போனால் கிளீனிங் செய்வார்கள், அதனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் தேய்ந்து மற்ற பற்களும் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதைக் கேட்டு அம்மா வர மறுக்கிறார். என்ன செய்வது?
– பொன்னமராவதியிலிருந்து ஒரு வாசகி

பதில்: வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அதுதான். சொத்தைப் பல் இரவில் தூங்கவிடாமல் வலித்து, ஆளை எப்படியும் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஈறு நோய் அப்படிச் செய்வதில்லை. பல்லைத் தாங்கும் எலும்பு பாதியளவு கரைந்த பிறகும் பலருக்கு வலி தெரிவதே இல்லை. ஈறு தரும் முக்கியமான முன்னறிவிப்பு ரத்தக் கசிவு. அதைச் சூடு என்றும் வயது என்றும் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டு, பல் ஆடத் தொடங்கிய பிறகு வருபவர்களைத்தான் ஈறு சிகிச்சை செய்யும் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

பல்லின் மேல் எப்போதும் பாக்டீரியாக்கள் சேர்ந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிக் கவனித்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறு அழற்சிக்குக் காரணம் அந்தப் படலமே என்பதும், தொடக்க நிலையில் அது முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதும் அன்று தெளிவாயின. ஆனால் படலத்தை அகற்றாமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் படிந்து காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷும் எந்தப் பற்பொடியும் எடுக்காது. கல்லுப்பு, கரி, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் காரை அப்படியே இருக்க, எனாமல்தான் தேயும்.

இனி அத்தையின் அச்சத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதற்கு வேறு காரணத்தைக் கருதிக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. பல ஆண்டுகள் படிந்த காரை, பற்களின் இடுக்குகளை நிரப்பி அவற்றை ஒன்றோடொன்று பூசி வைத்ததுபோல் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். மருத்துவர் காரையை எடுத்ததும் அந்தப் போலிப் பிடிமானம் போய்விடுவதால், மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பற்களுக்கு இடையே சந்து விழுந்ததுபோலவும் தோன்றும். வேர்ப்பகுதி வெளிப்படுவதால் சில வாரங்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். இவற்றைச் சிகிச்சைக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லாதது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் குறை. அத்தையைப் போன்றவர்களின் அச்சம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் கருவியின் முனை நுண்ணிய அதிர்வினால் காரையை உடைத்து எடுக்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறது. முறையாகக் கையாண்டால் எனாமலுக்குக் கேடு இல்லை.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் சர்க்கரை நோய் இதை இன்னும் முக்கியமாக்குகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஈறு நோய் வேகமாகப் பரவும். ஈறில் நீடிக்கும் அழற்சி, பதிலுக்கு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறு நோயுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை செய்த மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரைக்கு மருந்து தருபவர் ஒருவர், பல்லைப் பார்ப்பவர் வேறொருவர் என்று இருந்தாலும் உடம்பு ஒன்றுதான். ஆகவே அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்து அதிகமாக வளரவைக்கும் என்பதால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் அதையோ வேறு எந்த மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. காலை நேரத்தில், வழக்கமான உணவையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்ட பிறகு அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

முதல் நாளில் மருத்துவர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நான்கும் அதற்கு மேலும் இருந்தால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பையாகியிருக்கிறது என்று பொருள். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலும் வேரைச் சுத்தம் செய்வார்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்த்து, பை இன்னும் ஆழமாக இருக்கும் இடங்களில் மட்டும் ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுப்பார்கள். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது, ஆனால் மேலும் கரையாமல் நிறுத்த முடியும். பக்கவாட்டில் லேசாக மட்டுமே ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிக் காப்பாற்றலாம். குழிக்குள் மேலும் கீழுமாக அமிழ்ந்து எழும் பல்லைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். பல் மருத்துவர் என்றால் பல் பிடுங்குபவர் என்ற எண்ணம் அம்மாவுக்கு இருந்தால், அவர் அங்கே போவது பற்களைப் பிடுங்காமல் காப்பதற்காகவே என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் பரிசோதனையை பி.டி.எஸ். படித்த எந்தப் பல் மருத்துவரும் செய்யலாம். ஆழமான பைகள் இருந்தால் ஈறு நோய்ப் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவரிடம் அவரே அனுப்புவார். பதிவு பெறாதவர்கள் இத்தொழிலைச் செய்யச் சட்டத்தில் இடமில்லை. எனவே மாநிலப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். செலவுதான் தடை என்றால், 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையிலேயே இருக்கிறது.

வீட்டில் காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். சந்துகளுக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும் இடுக்குப் பிரஷ் உதவும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினால் அங்கே நோய் முற்றும். சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த இடைவெளியை நீட்டுவதை நான் ஏற்பதில்லை.

வெற்றிலை பாக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே ஈறைப் பார்க்கும் அதே அமர்வில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றையும் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். வாய் முன்புபோல அகலமாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிகிறது, இரண்டு வாரமாகியும் ஒரு புண் ஆறவில்லை என்ற நிலைகளில் எதுவும் இருந்தால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். ஈறில் சீழ் வந்து முகம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே போக வேண்டும்.