பாரதியார் வேலை பார்த்த மதுரைப் பள்ளி எது? இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. வடக்கு வெளி வீதியில் உள்ள சேதுபதி மேல்நிலைப் பள்ளி. பலர் அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளி அது.

1904-இல் விடுப்பில் போன தமிழாசிரியர் அரசஞ் சண்முகனாருக்குப் பதிலாக வந்தவர்தான் பாரதி. ஆகஸ்டில் சேர்ந்தார், நவம்பரில் கிளம்பி, சென்னையில் 'சுதேசமித்திரன்' நாளிதழின் உதவி ஆசிரியராகிவிட்டார். மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய் என்பார்கள். சில மாத வேலைதான், ஆனாலும் ஊர் இன்றுவரை விட்டுக்கொடுக்காது! வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு.

இடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த நிலத்தில் உருவானவைதான் நான்கு வெளி வீதிகளும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.